அடுத்த சீசனுக்கு சீட் எங்கே? ரேஸ் டிரைவராக நினைப்பவர்களுக்கு ஒரு கோச்சின் குறிப்புகள்

என் வேலை, இளம் டிரைவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் காரின் வேகத்தையும் பிரேக்கையும் காட்டும் கோடுகளைப் பார்ப்பது. முன்பு நானும் ஓட்டினேன். முதலில் கார்ட் என்கிற சின்னப் பந்தய வண்டி, அப்புறம் ஃபார்முலா வகை ஒற்றை சீட் கார், அப்புறம் ஜிடி, அதாவது சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து உருவாக்கிய பந்தய கார். இப்போது கோச். என்னிடம் வருகிற பிள்ளைகளும் பெற்றோரும் எடுத்த எடுப்பில் கேட்பது "இன்னும் வேகமா ஓட்ட என்ன செய்யணும்?" என்றுதான். அதற்குப் பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் நான் பார்த்தவரை, பாதியில் நின்றுபோனவர்களில் பலர் நல்ல வேகமுள்ளவர்கள். அடுத்த வருடத்துக்கு ஒரு சீட், அதாவது ஒரு டீமில் ஓட்டும் இடம், கிடைக்காமல் நின்றார்கள், அவ்வளவுதான். அதனால் இதில் சொல்லப்போவதெல்லாம் ஒரே கணக்கைச் சுற்றித்தான் வரும்: இந்த வருடம் செலவாகிற பணமும் டிராக்கில் ஓட்டுகிற நாட்களும் அடுத்த வருட சீட்டைச் சம்பாதித்துக் கொடுக்கின்றனவா?

முதலில் ஏணியைப் பாருங்கள்

எல்லோர் மனதிலும் இருப்பது ஃபார்முலா 1. 2026 முதல் 11 அணிகள், 22 சீட். அந்த சீட்டில் உட்கார்ந்தவர்கள் லேசில் எழுந்திருப்பதில்லை. 2001-இல் அறிமுகமான அலோன்சோ 2025-லும் ஓட்டிக்கொண்டிருந்தார். கார்ட்டிங் முடித்தவர்களுக்கு வழக்கமான படிகள் எஃப்4 (ஃபார்முலா 4), ரீஜனல் ஃபார்முலா, எஃப்3, எஃப்2. எஃப்4 ஓட்ட 15 வயது ஆகியிருக்க வேண்டும். கடைசிக் கதவுக்கு, அதாவது ஃபார்முலா 1-இல் ஓட்டுவதற்கான உரிமத்துக்கு, சூப்பர் லைசென்ஸ் என்று பெயர். மூன்று சீசன்களுக்குள் 40 புள்ளி சேர்க்க வேண்டும், ஃபார்முலா 1 காரில் 300 கிலோமீட்டர் ஓட்டிக் காட்ட வேண்டும், விதிகளைப் பற்றிய தேர்வும் உண்டு. எஃப்2-இல் முதல் மூன்று இடம் பிடித்தால் ஒவ்வொருவருக்கும் 40 புள்ளி, எஃப்3 சாம்பியனுக்கு 30, எஃப்4 சாம்பியனுக்கு 12. வெர்ஸ்டாப்பன் 2015-இல் 17 வயதில் வந்து இறங்கியதைப் பார்த்த பிறகு, குறைந்தபட்ச வயது 18 என்று உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதி போட்டது. இப்போது அபூர்வமாக 17 வயதுக்காரருக்கும் விலக்கு தருகிறார்கள்.

40 புள்ளி இருந்தால் சீட் நிச்சயமா என்றால், இல்லை. 2022 எஃப்2 சாம்பியன் ஃபெலிபே துருகோவிச். 2023 சாம்பியன் தியோ புர்ஷேர். இருவருக்கும் அடுத்த வருடம் ஃபார்முலா 1-இல் பந்தய சீட் கிடைக்கவில்லை. இன்னொரு விதியும் இருக்கிறது: எஃப்2 சாம்பியன் மறுபடி எஃப்2-இல் ஓட்ட முடியாது. ஜெயித்த பையனைக் கையில் கோப்பையோடு வாசலுக்கு வெளியே நிறுத்துகிற ஏற்பாடு. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு, ஆனால் விதி அப்படித்தான்.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. "ஃபார்முலா 1 டிரைவர் ஆகணும்" என்பதை இலக்காக எழுதிவைத்தால் ஒவ்வொரு வருடமும் தோற்றதாகவே தோன்றும். "சம்பளம் வாங்கிக்கொண்டு ரேஸ் ஓட்டுகிற ஆள்" என்று எழுதிவையுங்கள். அப்போது ஜிடி, எண்டூரன்ஸ் (பல மணி நேரம் ஓடும் நீண்ட பந்தயம்), ஃபார்முலா ஈ (மின்சார கார்கள்), டூரிங் கார், சிமுலேட்டர் டிரைவர், டெவலப்மென்ட் டிரைவர் எல்லாம் கணக்கில் வரும். எடுக்கிற முடிவுகளும் மாறும்.

கார்ட்டில் சேமிக்கலாம், கார்ட்டில்தான் கற்கலாம்

வாடகைக் கார்ட் லீக்கில் ஆரம்பியுங்கள். யாருக்கு எந்தக் கார்ட் என்று சீட்டுக் குலுக்கித் தருகிற லீக் ஆக இருந்தால் இன்னும் நல்லது. மோசமான கார்ட்டில் உட்கார்ந்து அதன் கோளாறுக்கு ஏற்ப ஓட்டப் பழகியவர்கள் பிற்பாடு எந்த காரில் ஏறினாலும் இரண்டே லேப்பில் (டிராக்கை இரண்டு முறை சுற்றுவதற்குள்) ஒட்டிக்கொள்கிறார்கள். அடுத்த படி, இன்ஜினுக்கு சீல் வைத்த ஒரே வகை வகுப்பு. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எல்ஓ206 போன்ற நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் வகுப்புகள் இதற்காகவே இருக்கின்றன. இன்ஜினைத் திறந்து மெருகேற்ற முடியாது என்பதால் பணம் மெக்கானிக்கிடம் போகாமல் டிராக்கில் ஓட்டும் நேரமாக மாறும். ரோட்டாக்ஸ், எக்ஸ்30 போன்ற வேகமான இன்ஜின் வகுப்புகள் எல்லாம் அப்புறம்.

பழைய சேசிஸ் (கார்ட்டின் உலோகச் சட்டம்) வாங்கலாம், தப்பில்லை. சட்டம் நேராக இருக்கிறதா, அதன் அடிப்பக்கக் குழாய்கள் தரையில் உரசித் தேய்ந்திருக்கின்றனவா என்று படுத்துப் பாருங்கள். ஹெல்மெட்டை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். அது எங்கே விழுந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சிறுவர்களுக்கென்று எடை குறைந்த ஹெல்மெட்டுகள் தனித் தரத்தில் வருகின்றன. பெரியவர்களின் ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் சின்னக் கழுத்து தாங்காது. விலாவுக்கு ப்ரொடெக்டர் கட்டாயம்.

கார்ட்டில் என்ன கற்க வேண்டும்? கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரென்ஷியலும் கிடையாது. பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போக வேண்டும், முடியாது. அதனால் அந்தச் சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பினால்தான் வண்டி திரும்பும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் உள்சக்கரம் கீழே அழுந்தி, சட்டம் முறுக்கிக்கொண்டு, பின் உள்சக்கரத்தைத் தூக்குகிறது. அது சரியாக எழுந்து, சரியான நேரத்தில் இறங்க வேண்டும். எழவில்லை என்றால் இன்ஜின் மூச்சு திணறுவது காதுக்கே கேட்கும். ரொம்ப நேரம் எழுந்தே இருந்தால், வெளியேறும்போது ஒரே டயரில் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். சீட்டைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினால் இந்த முழுக் கணக்கும் மாறும். இதை உடம்பால் உணர்ந்தவருக்கு, எடை எங்கிருந்து எங்கே போகிறது என்பதை வேறு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். டயர் காற்று ஓட்டும் முன் எவ்வளவு, வந்த பிறகு எவ்வளவு, பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) எத்தனை பல், தரை எவ்வளவு சூடு, என்ன மாற்றினீர்கள், என்ன ஆயிற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பயிற்சிக்குப் புது டயர் தேடாதீர்கள். ஷூமேக்கர் சிறுவனாக இருந்தபோது மற்றவர்கள் கழற்றிப் போட்ட டயரில்தான் ஓட்டினார் என்பது பலரும் சொல்லும் கதை. வறுமைக் கதையாக அதைச் சொல்கிறார்கள், நான் அதைப் பயிற்சி முறையாகவே பார்க்கிறேன். பிடிப்பு இல்லாத டயர் கையின் அவசரத்தை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கோடுகளைப் படிப்பது எப்படி

இது என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பையன் எஃப்4 டெஸ்டில் (பந்தயம் இல்லாத பயிற்சி நாளில்) காரை விட்டு இறங்கி வருவான். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, "அண்ணா, மூணாவது கார்னர்ல கார் திரும்பவே மாட்டேங்குது. முன்னாடி பிடிப்பே இல்ல. விங் கூட்டச் சொல்லுங்க" என்பான். காற்றின் உதவியால் காரைத் தரையோடு அழுத்துகிற அந்த விங்கைப் பற்றி நான் பேசமாட்டேன். அவனுடைய லேப்பையும் டீம்மேட்டின் லேப்பையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பேன். மேலே வேகம், அதன்கீழ் பிரேக் அழுத்தம், அதன்கீழ் ஸ்டியரிங் கோணம், அதன்கீழ் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்).

பிரேக் கோட்டைப் பார்த்தால் இருவரும் ஒரே இடத்தில்தான் மிதித்திருப்பார்கள். கோடு சுவர் மாதிரி நேராக ஏறும், அதில் வித்தியாசமே இருக்காது. இறங்குவதில்தான் விஷயம். டீம்மேட்டின் கோடு மெல்லச் சரிந்து, ஸ்டியரிங் கோடு ஏற ஏற, ஏறத்தாழ வளைவின் நடுப்புள்ளி வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறையும். நம்ம பையனுடையது, ஏறிய வேகத்திலேயே கீழே விழுந்திருக்கும். பிரேக்கை ஒரே மூச்சில் விட்டுவிட்டு அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறான். பிரேக்கை விட்டதும் முன்னால் அழுந்தியிருந்த எடை பின்னால் போய்விட்டது. எடை இல்லாத முன் டயரிடம் திரும்பு என்றால் அது எப்படித் திரும்பும்? ஸ்டியரிங் கோட்டில் அதற்கான சாட்சியும் இருக்கும்: திரும்பவில்லை என்று இன்னும் திருப்பியிருப்பான், டயர் இன்னும் வழுக்கியிருக்கும், த்ராட்டிலைத் தாமதமாகத் திறந்திருப்பான், அடுத்த நேர்ப்பாதை முழுக்க வேகம் குறைவு. நேரம் போனது வளைவில் கொஞ்சம்தான். நேர்ப்பாதையில்தான் நிறைய.

விங்கைக் கூட்டினால் கார் திரும்பும்தான். ஆனால் வேகமான வளைவில் பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும், அதற்கு இன்னொரு மருந்து கேட்பான். இப்படியே ஒரு டெஸ்ட் நாள் போய்விடும். நான் சொல்வது ஒன்றுதான்: நிறைகுடத்தைத் தளும்பாமல் தரையில் இறக்கி வைப்பது போலப் பாதத்தை விடு. அடுத்த ரன்னில் அந்தக் கோடு மட்டும் மாறினால் போதும். லேப் நேரத்தைப் பார்க்கக்கூட வேண்டாம்.

கோச் வைத்துக்கொள்ள வசதி இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். கார்ட்டில் மாட்டுகிற சின்ன லாகர் (பதிவுக் கருவி) வேகம், இன்ஜின் சுற்று, ஜிபிஎஸ் எல்லாம் தருகிறது. உங்களை விட வேகமான ஒருவருடைய ஒரு லேப்பைக் கேட்டு வாங்குங்கள். பலர் தருவார்கள். ஒவ்வொரு வளைவிலும் குறைந்தபட்ச வேகம் எங்கே வருகிறது என்று மட்டும் ஒப்பிடுங்கள். இளையவர்களில் நிறைய பேர் தாமதமாகப் பிரேக் பிடிப்பதை வீரம் என்று நினைத்து, அந்தக் குறைந்தபட்ச வேகத்தைத் தேவைக்கு மேல் கீழே கொண்டுபோய்விடுகிறார்கள்.

இன்ஜினியரிடம் பேசும் விதமும் ஓட்டுவதில் சேர்த்திதான். "கார் நல்லா இல்ல" என்றால் அவரால் எதுவும் செய்ய முடியாது. எந்த வளைவு, நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா, முன்னாலா பின்னாலா, டயர் புதிதாக இருந்தபோதே வந்ததா, பத்து லேப் போன பிறகா. இத்தனையும் சொல்லிவிட்டு, சரிசெய்ய ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் "இது நான் ஓட்டுற விதமாகவும் இருக்கலாம், டேட்டா பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இன்ஜினியர்கள் சில டிரைவர்களை நினைவில் வைத்திருப்பார்கள்.

சிமுலேட்டர் எதற்கு

எஃப்2 வார இறுதியில் பயிற்சி 45 நிமிடம் ஒருமுறைதான். அதன் பிறகு 30 நிமிட குவாலிஃபையிங் (யார் எத்தனையாவதாகப் புறப்படுவது என்று முடிவாகும் ஓட்டம்). டிராக்கை அங்கே போய்க் கற்றுக்கொள்ள நேரமே கிடையாது. கீழ் வகுப்புகளிலும் டெஸ்டுக்குப் பணம் வேண்டும். ஆகவே டிராக்கின் வரிசையை, பிரேக் குறிகளை, கியர்களை சிமுலேட்டரிலேயே மனப்பாடம் செய்துவிட்டுப் போங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் ஸ்டியரிங்கில் மிச்சம் பிடித்து, அழுத்தத்தை அளக்கிற லோட் செல் பிரேக் பெடல் வாங்குங்கள். பாதம் பழகுவது அழுத்தத்துக்குத்தான், பெடல் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதற்கு அல்ல.

சிமுலேட்டரிலிருந்தே நேராகப் பந்தயத்துக்கு வந்தவர்களும் உண்டு. 2011-இல் ஜிடி அகாடமி போட்டியில் ஜெயித்த ஜான் மார்டன்பரோ 2013-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினார். ஆனால் அப்படிப்பட்ட போட்டி நடந்துகொண்டிருக்கும்போது வயதும் நேரமும் ஒத்துவர வேண்டும். அதை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பணம்

ஐரோப்பாவில் ஒரு எஃப்4 சீசனுக்கே சில லட்சம் யூரோ ஆகும். எஃப்2 என்றால் இருபது லட்சம் யூரோவைத் தாண்டும். கார்ட்டிலேயே மேல் மட்ட சர்வதேச வகுப்புக்குப் போனால் சாதாரணக் குடும்பத்தால் முடியாது. ஃபார்முலா 1 டிரைவர் ஓக்கானின் பெற்றோர் வீட்டை விற்று கேரவனில் வாழ்ந்தார்கள். பின்னால் உலக சாம்பியன் ஆன லாடா தன் உயிர்க் காப்பீட்டை ஈடு வைத்து வங்கிக் கடன் வாங்கி சீட் பிடித்தார். ஹாமில்டனின் அப்பா ஒரே நேரத்தில் பல வேலை பார்த்தார். எல்லாம் உண்மை. ஆனால் இவை ஜெயித்தவர்களின் கதைகள் என்பதால்தான் நம் காதுக்கு வந்தன. வீட்டை விற்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. இருக்கிற ஒரே வீட்டை விற்று ஓட்டச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன். கேட்ட பெற்றோர் சிலர் வேறு கோச் தேடிப் போயிருக்கிறார்கள். பரவாயில்லை.

ஒரு சீசனுக்குக் கணக்குப் போடும்போது டீம் சொல்கிற தொகையை மட்டும் எழுதாதீர்கள். டெஸ்ட், கூடுதல் டயர், பயணம், தங்கல், லைசென்ஸ், மருத்துவச் சான்று, கோச், எல்லாவற்றுக்கும் மேல் டேமேஜ். முதல் வளைவில் யாரோ முன் சக்கரத்தைத் தட்டினாலே முன் விங், சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன், சக்கரத்தைத் திருப்பும் டிராக் ராட் மூன்றும் போகும். தப்பு யாருடையது என்று பந்தய நடுவர்களான ஸ்டீவர்டுகள் தீர்ப்பு சொல்வார்கள். பில் என்னவோ உங்களுக்குத்தான் வரும். என் கணக்கு இது: ஒரு வகுப்பின் முழுச் சீசன் செலவுக்கு மேல், அதில் மூன்றில் ஒரு பங்கு கையில் தனியாக இல்லையென்றால் அந்த வகுப்புக்கு ஏறாதீர்கள். கீழ் வகுப்பில் இன்னொரு வருடம், நல்ல டீமில், நிறைய டெஸ்டோடு ஓட்டுங்கள். மேல் வகுப்பில் மோசமான டீமில் பதினெட்டாவதாக வந்த டிரைவரை யாரும் "டீம் சரியில்லை" என்று மன்னிப்பதில்லை. பெயருக்கு எதிரே 18 என்று மட்டும் இருக்கும்.

பாதிச் சீசனுக்கு மட்டும் பணம் இருக்கிறதா? அப்படியானால் சீசனின் கடைசி இரண்டு மூன்று சுற்றுகளில் ஓட்டுங்கள். முதல் பாதியில் ஓட்டிவிட்டு நின்றால் எல்லோரும் மறந்துவிடுவார்கள். கடைசிச் சுற்றுகளில் ஓட்டினால் டீம்கள் அடுத்த வருடத்துக்கு ஆள் எடுக்கிற நேரத்தில் கண்முன் நிற்பீர்கள், டிராக்கும் பழகிவிடும்.

ஒப்பந்தத்தை வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் முதலில் தேடுவது இவற்றைத்தான்: டெஸ்ட் எத்தனை நாள், ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம் அல்லது எத்தனை கிலோமீட்டர், டேமேஜுக்கு உச்சவரம்பு உண்டா, டீம்மேட்டுகளின் டேட்டாவை முழுசாகப் பார்க்கலாமா, என் காருக்கு எந்த இன்ஜினியர், பணம் கட்டுவது நடுவில் நின்றால் கட்டியதில் எவ்வளவு திரும்பும். நான் கோச்சாக இருந்த ஒரு பெண்ணின் ஒப்பந்தத்தில் "டெஸ்ட் நாள்" என்று மட்டும் இருந்தது. ஒரு நாள் காலையில் கார் இரண்டு ரன் போனது. மதியம் கியர்பாக்ஸ் சரியில்லை என்று சொல்லிக் கூடாரத்தை மூடிவிட்டார்கள். அது முழு நாளாகவே கழிக்கப்பட்டது. பேசிப் பார்த்தோம், தாளைக் காட்டினார்கள். தாளில் எழுதியிருந்ததை மறுக்க முடியவில்லை.

மேனேஜர் என்று வருபவர்களிடம் இரண்டு கேள்வி போதும். இதுவரை யாருக்கு சீட் வாங்கிக் கொடுத்தீர்கள்? எத்தனை வருடம், எத்தனை சதவீதம்? பதினாலு வயதுப் பிள்ளையின் பத்து வருட வருமானத்தில் பங்கு கேட்கிறவர் அதற்கு ஈடாக இன்று பணம் போடுகிறாரா என்று பாருங்கள்.

ஸ்பான்சரிடம் என்ன கேட்பது

"என் கனவுக்கு உதவுங்கள்" என்று எழுதாதீர்கள். கனவு எல்லோருக்கும் இருக்கிறது. கம்பெனி வாங்குவது அதற்கு உபயோகமான ஒன்றை. காரில் ஸ்டிக்கர் ஒட்டுவது அதில் கடைசி. தங்கள் பெரிய வாடிக்கையாளர்களைக் கூட்டிவந்து பிட்டுக்குள் (டீம் காரை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) நிற்க வைத்து, ஹெல்மெட்டை மாட்டிப் படம் எடுக்க வைப்பது அவர்களுக்கு மதிப்பு. டீலர் கூட்டத்தில் நீங்கள் வந்து பேசுவது மதிப்பு. ஊழியர்களுக்கு ஒரு கார்ட் மாலை நடத்துவது மதிப்பு. உங்களுடைய ஒரு ஸ்பான்சர் மூலம் இன்னொரு ஸ்பான்சருக்கு வியாபாரம் கிடைத்தால், அந்த இருவரும் உங்களை விடமாட்டார்கள். சின்னக் கம்பெனியில் முதலாளியையே பார்க்கலாம் என்பதால் அங்கிருந்து தொடங்குங்கள். ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: நான் யார், இந்த வருடம் எங்கே ஓட்டுகிறேன், உங்களுக்கு இதைச் செய்து தருகிறேன், இவ்வளவு ஆகும். பந்தயம் முடிந்த திங்கட்கிழமை, ஜெயித்தாலும் தோற்றாலும், நாலு வரியில் என்ன நடந்தது என்று அனுப்புங்கள். புதுப்பிக்கும் நேரத்தில் மட்டும் முகம் காட்டுகிற டிரைவருக்கு யாரும் புதுப்பிப்பதில்லை.

பெரிய அணிகளிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள். ஃபார்முலா 1 டிரைவர் ஜார்ஜ் ரஸ்ஸல் டீன்ஏஜ் வயதிலேயே மெர்சிடிஸ் அணித் தலைவர் டோட்டோ வோல்ஃபுக்கு மின்னஞ்சல் எழுதி, நேரில் பார்க்க நேரம் கேட்டவர். 2017-இல் மெர்சிடிஸ் ஜூனியர் திட்டத்தில் இருந்தார். எழுதினால் மட்டும் கிடைத்துவிடாது, அவர் ஜெயித்தும் காட்டினார். எழுதாமல் இருந்திருந்தால் அந்த அறைக்குள் அத்தனை சீக்கிரம் போயிருக்க முடியாது.

பக்கத்துக் கதவுகள்

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். எண்டூரன்ஸ், ஜிடி பந்தயங்களில் எஃப்ஐஏ ஒவ்வொரு டிரைவரையும் மேலிருந்து கீழாக பிளாட்டினம், கோல்டு, சில்வர், ப்ரான்ஸ் என்று வகைப்படுத்துகிறது. ப்ரான்ஸ் என்பவர் பெரும்பாலும் தொழில்முறையல்லாதவர், வயதில் மூத்தவர், வேறு தொழில் செய்பவர். பல வகுப்புகளில் இப்படி ஒருவர் காரில் இருந்தே ஆக வேண்டும். உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பின் எல்எம்ஜிடி3 வகுப்பில் அது விதி. செலவில் பெரும்பங்கை வழக்கமாக அவர்தான் ஏற்கிறார். அவரோடு ஓட்ட டீம்கள் தேடுவது என்ன தெரியுமா? தாளில் சில்வர், ஓட்டுவதில் கோல்டு. ஒற்றை சீட் கார்களில் நன்றாகப் பழகி, பெரிய பட்டம் எதுவும் வெல்லாமல் பணம் தீர்ந்துபோன இளம் டிரைவருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். அங்கே வேகத்தோடு இன்னும் சில வேண்டும்: டயரைக் காப்பாற்றுவது, இரவில் ஓட்டுவது, மெதுவான கார்களைச் சண்டை போடாமல் தாண்டுவது, அந்த ப்ரான்ஸ் டிரைவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பது. கடைசியாகச் சொன்னதற்கே சம்பளம் கிடைக்கும். நான் கோச் ஆனதும் அப்படித்தான்.

பெண்களுக்கு 2023-இல் தொடங்கிய எஃப்1 அகாடமி இருக்கிறது. எஃப்4 மட்டத்திலான கார், ஃபார்முலா 1 வார இறுதிகளிலேயே பந்தயம் என்பதால் ஸ்பான்சரைக் கூட்டிவர அதைவிட நல்ல மேடை அந்த மட்டத்தில் இல்லை. வயது கூடிவிட்டது என்று கவலைப்படுகிறவர்களுக்கு: டேமன் ஹில் மோட்டார் சைக்கிள் பந்தயத்திலிருந்து வந்து, 31 வயதில்தான் ஃபார்முலா 1-இல் முதல் பந்தயம் ஓட்டினார், 1996-இல் சாம்பியன் ஆனார். இன்று அந்தப் பாதை ஃபார்முலா 1-க்குத் திறந்திருப்பதாக நான் சொல்லமாட்டேன். ஜிடி பந்தயத்தில் திறந்தே இருக்கிறது.

உடம்பும் வீட்டாரும்

எஃப்3, எஃப்2 கார்களில் பவர் ஸ்டியரிங் கிடையாது. முன்கை, தோள், கழுத்து மூன்றும் தயாராக இல்லாவிட்டால் பந்தயத்தின் கடைசிப் பகுதியில் வளைவில் போக வேண்டிய பாதையைத் தவறவிடுவீர்கள். அதை நீங்கள் டயர் போய்விட்டது என்று நினைப்பீர்கள். கார்ட் காலத்திலேயே கழுத்துப் பயிற்சியைத் தொடங்குங்கள், தெரிந்தவர் மேற்பார்வையில்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பந்தயம் முடிந்து பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் "ஏன் அங்க பிரேக் பிடிச்ச?" என்று கேட்காதீர்கள். முதலில் இன்ஜினியர் பேசட்டும். பிட்டில் பிள்ளையின் காதில் ஒரு குரல்தான் விழ வேண்டும். அப்பா ஒன்று, கோச் ஒன்று, மெக்கானிக் ஒன்று சொல்லும் கூடாரத்தில் பிள்ளை யாருடைய பேச்சையும் கேட்பதை நிறுத்திவிடும்.

சீட் இல்லாத மாதங்கள்

எல்லோருக்கும் வரும். அப்போது டிராக்கை விட்டு விலகிவிடாதீர்கள். லைசென்ஸ், மருத்துவச் சான்று காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு டீமில் டேட்டா வேலைக்கோ சிமுலேட்டர் வேலைக்கோ கோச் வேலைக்கோ சேர்ந்து பந்தய வார இறுதிகளில் அங்கே இருங்கள். யாருக்கோ காய்ச்சல் வரும், யாருடைய பணமோ நின்றுபோகும், யாருக்கோ பெனால்டி புள்ளி 12 ஆகித் தடை விழும். 2024-இல் சவூதியின் ஜெட்டாவில் ஃபெராரியின் ஃபார்முலா 1 டிரைவர் சைன்ஸுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை என்றதும், 18 வயது ஆலிவர் பேர்மனை ஃபெராரியில் உட்கார வைத்தார்கள். அவர் எஃப்2 ஓட்டவே அங்கே வந்திருந்தார். கடைசிப் பயிற்சி ஒன்று மட்டும் கிடைத்தது. 11-ஆவதாகப் புறப்பட்டு 7-ஆவதாக முடித்தார். அடுத்த வருடம் ஹாஸ் அணியில் நிரந்தர சீட்டில் இருந்தார்.

டீம்களுக்கு மின்னஞ்சல் எழுதும்போது மேனேஜர் ஃபோனிலேயே படித்து முடிக்கிற அளவுக்கு எழுதுங்கள். தலைப்பில் பெயர், வயது, லைசென்ஸ் கிரேடு, எஃப்ஐஏ வகை. உள்ளே உயரமும் எடையும், ஏனென்றால் காரின் குறைந்தபட்ச எடையை டிரைவரோடு சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். கடந்த இரண்டு சீசன் முடிவுகள், அதோடு டீம்மேட் எத்தனையாவது வந்தார் என்பதும். காரிலிருந்தே எடுத்த ஒரு முழு லேப்பின் ஆன்போர்ட் வீடியோவுக்கு ஒரு இணைப்பு, இசை எதுவும் சேர்க்காமல், அவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே த்ராட்டிலைக் கணித்துவிடுவார்கள். எவ்வளவு பணம் கொண்டுவர முடியும், எவ்வளவு முடியாது என்பதையும் நேராக எழுதிவிடுங்கள். சீசனின் கடைசிச் சுற்றுக்கு முன்பே அனுப்புங்கள், அது முடிந்த மறுநாளிலிருந்து டீம்கள் டெஸ்டுக்கு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.